பிடித்த மரணம் என்று ஒன்று உண்டா?

மோட்டோகிராஸ் பந்தயத்தில் யாராவது இறந்துபோனால், மறுநாள் வருகிற அஞ்சலிகளில் ஒரு வாக்கியம் அநேகமாக இருக்கும். 'தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே போய்விட்டார்.' ஆஸ்திரேலியாவில் இறந்தாலும் இதுதான், அமெரிக்காவில் இறந்தாலும் இதுதான். புத்தகம், சினிமா என்று விமர்சித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் இந்த வாரம் இந்த ஒற்றை வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு அவ்வளவு யோக்யதை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

முதலில், மோட்டோகிராஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1924-ல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கேம்பர்லி என்ற இடத்தில் சில மோட்டார்சைக்கிள் பைத்தியங்கள் மேடு, பள்ளம், சேறு, சகதியில் விழுந்து புரண்டு ஒரு பந்தயம் நடத்தினார்கள். அப்போது அதற்குப் பெயர் 'ஸ்கிராம்பிள்'. பிற்பாடு பிரெஞ்சுக்காரர்கள் மோட்டார்சைக்கிளையும் கிராஸ்கன்ட்ரியையும் ஒட்டவைத்து மோட்டோகிராஸ் ஆக்கினார்கள். 1957-ல் உலக சாம்பியன்ஷிப் வந்தது. இன்றைய உலகப் போட்டிகளில் நாற்பது பேர் வரை ஒரே வரிசையில் நிற்பார்கள். கேட் விழுந்ததும் நாற்பது பேரும் ஒரே திருப்பத்தை நோக்கிப் பாய்வார்கள். அப்புறம் மண்மேடுகள். மேட்டில் ஏறி, நூறு கிலோ வண்டியோடு பறந்து, அந்தப் பக்கம் இறங்க வேண்டும்.

சிக்கல் அந்த 'அந்தப் பக்க'த்தில்தான். மேட்டில் ஏறும்போது இறங்குகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒருவர் விழுந்து கிடந்தால், பின்னால் பறந்து வருகிறவருக்கு ஆகாயத்தில் இருக்கும்போதுதான் தெரியவரும். ஆகாயத்தில் பிரேக் கிடையாது. அதனால்தான் மேட்டுக்கு மேடு கொடியோடு ஒருவர் நிற்க வேண்டும். அவர் மஞ்சள் கொடியை அசைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது, மேட்டில் பறக்கவும் கூடாது. உருட்டிக்கொண்டு இறங்க வேண்டும். லட்சக்கணக்கில் விலை போகிற வண்டி, ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் கவசம் எல்லாம் இருந்தும், ஓர் உயிர் பல சமயம் ஒரு துண்டுத் துணியையும் அதைப் பிடித்திருப்பவரின் கவனத்தையும் நம்பி இருக்கிறது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம்.

அவருக்குப் பிடித்தது ஓட்டுவது. செத்துப்போவது அல்ல. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப் போட்டால் ஏதோ அவரே விரும்பி வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் ஷாக் அடித்து இறந்துபோனால், 'தனக்குப் பிடித்த வேலையில் போய்விட்டார்' என்று யாராவது சொல்வோமா? கையுறை கொடுத்தார்களா, சப்ளையை நிறுத்தினார்களா, யார் ஸ்விட்சைப் போட்டது என்று கேட்போம். கேட்க வேண்டும். பந்தயக்காரர் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்விகளை மாலையோடு சேர்த்து மூடிவிடுகிறோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதே வாக்கியத்தை இறந்தவரின் அம்மா சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவருக்கு அது ஊன்றுகோல். எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது என்பது அவர் இஷ்டம். அதையே பந்தயம் நடத்தியவரும், டயர் விற்றவரும், டிக்கெட் வாங்கிப் பார்த்த நாமும் சொல்லும்போதுதான் நெருடுகிறது. அம்மா சொன்னால் ஆறுதல். நடத்தியவர் சொன்னால் கணக்கு முடிக்கிற ரசீது.

* * *

இதற்கு எதிர்க்கோஷ்டி ஒன்று உண்டு. 'இதெல்லாம் தேவையா சார்? வீட்டில் சும்மா இருந்திருக்கலாமே? வண்டி ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருப்பான்' என்பவர்கள். இவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ மெக்ஃபார்லேன் 2005-ல் எம்.எக்ஸ்.2 உலகப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தவர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓட்டியவர். 2010 மே மாதம் விக்டோரியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டில், சொந்த நாட்டுப் பந்தயத்தில் விழுந்து இறந்தார். ஓட்டத் தெரியாதவர் பட்டியலில் அவரைச் சேர்க்க முடியுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் முதல் கோஷ்டி இறந்தவரைத் தூக்கி வைக்கிறது, இரண்டாவது கோஷ்டி திட்டுகிறது. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. பொறுப்பு முழுவதையும் பிணத்தின் தலையில் வைக்கின்றன. பிணம் பதில் பேசாது, சௌகரியம்.

மூன்றாவது கோஷ்டி பேசுவதே இல்லை. வீடியோவை அனுப்புகிறது. 'மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்கவும்' என்று மேலே ஒரு வரி. மனைவிக்குத் தகவல் போவதற்கு முன்னால் மூன்று நாட்டு செல்போன்களுக்குப் போய்விடுகிறது. இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு வாக்கியம் போதும்: அனுப்பாதீர்கள்.

* * *

சரி, பின்னே எப்படித்தான் நடந்துகொள்வது? மரியாதையாக நடந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

2020 ஜனவரி 12. சவூதி அரேபியாவில் டாக்கார் ராலி, ஏழாவது நாள். போர்ச்சுகலின் பாலோ கோன்சால்வஸ், வயது 40, நம் ஊர் ஹீரோ அணிக்காக ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டோகிராஸில் ஆரம்பித்து பாலைவனத்துக்கு வந்தவர். அன்றைய ஓட்டத்தின் 276-வது கிலோமீட்டரில் விழுந்தார். 10.08-க்கு எச்சரிக்கை வந்தது, 10.16-க்கு ஹெலிகாப்டர் இறங்கிவிட்டது. எட்டே நிமிடம். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. பின்னால் வந்த டோபி பிரைஸ், அதற்கு முந்தைய வருட சாம்பியன், தன் பந்தயத்தை மறந்து அங்கேயே நின்றுவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 2016 டாக்காரில் மத்தியாஸ் வால்க்னர் என்ற போட்டியாளர் கால் உடைந்து கிடந்தபோது வண்டியை நிறுத்தி உதவியவர் இதே கோன்சால்வஸ். அப்படி நிற்பவர்களுக்கு அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மனிதாபிமானத்துக்கு விதிப் புத்தகத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும்.

மறுநாள் மோட்டார்சைக்கிள்களுக்கும் குவாட் வண்டிகளுக்கும் பந்தயம் ரத்து. ஹீரோ அணி ராலியிலிருந்தே விலகியது. அதே ராலியில் விழுந்த நெதர்லாந்தின் எட்வின் ஸ்ட்ரேவர் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

நான் முக்கியமாகக் கருதுவது அதற்கு அடுத்த வருடம் நடந்ததை. 2021 டாக்காரில் பைக்காரர்கள் எல்லோருக்கும் காற்றுப்பை வைத்த மேலங்கி கட்டாயமாயிற்று. விழுந்தால் பலூன் மாதிரி விரிந்து மார்பையும் முதுகையும் காக்கும். பின்சக்கர டயர்கள் இத்தனைதான் என்று வரம்பு வைத்தார்கள். டயர் தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் வேகம் தானாகக் குறையும் அல்லவா? அந்த வருடமும் ஒருவர் இறந்தார். பிரான்ஸின் பியர் ஷெர்பின். பெங்களூரின் சி.எஸ்.சந்தோஷ், இதே ஹீரோ அணிக்காரர், மோசமாக விழுந்து பல நாட்கள் மயக்க நிலையில் வைக்கப்பட்டுப் பிழைத்து வந்தார். ஆக, விதி மாறியதால் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. ஆனால் 'அவருக்குப் பிடித்தது, போய்விட்டார்' என்று கையைத் தட்டிவிட்டுப் போகவில்லை.

பி.காமில் சொல்லிக்கொடுத்ததில் ஒரு விஷயம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கம் பதிவு போட்டால் எதிர்ப்பக்கம் ஒரு பதிவு இருந்தே ஆக வேண்டும். அஞ்சலிக்கும் அப்படி ஓர் எதிர்ப்பதிவு வேண்டும் என்பது என் கட்சி. இறந்தவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. அதற்கு எதிரே, பாதையிலோ விதியிலோ உபகரணத்திலோ ஒரு திருத்தம்.

சிலர் இதைத் தனி ஆளாகவே செய்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டாக்டர் கிறிஸ் லீயட், 2001-ல் சக ஓட்டுநர் ஒருவர் இறந்ததை நேரில் பார்த்தார். அந்த வருத்தத்தோடு உட்கார்ந்து, கழுத்து அளவுக்கு மேல் வளையாமல் தடுக்கும் ஒரு கவசத்தை வடிவமைத்தார். இன்றைக்கு மோட்டோகிராஸ் ஓட்டுகிற பிள்ளைகள் கழுத்தைச் சுற்றி ஒரு வளையத்தோடு திரிவதற்கு மூலகாரணம் அதுதான். ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் கினிகாட்னர், 1984-லும் 1985-லும் 250 சிசி மோட்டோகிராஸ் உலக சாம்பியன். 2003-ல் அவர் மகன் ஒரு நிதி திரட்டும் பந்தயத்தில் விழுந்து, உடம்பு செயலிழந்து போனார். அப்பா அடுத்த வருடமே ரெட்புல் முதலாளி மாட்டஷிட்ஸுடன் சேர்ந்து 'விங்ஸ் ஃபார் லைஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தண்டுவடக் காயத்தைக் குணப்படுத்தும் ஆராய்ச்சிகளுக்கு அது இன்றுவரை பணம் கொடுத்துவருகிறது.

* * *

தார்ச்சாலைப் பந்தயம் மோட்டோகிராஸுக்குப் பங்காளி முறை. அங்கே என்ன நடக்கிறது?

2010 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோவில், ஜப்பானின் 19 வயது ஷோயா டோமிசாவா விழுந்தபோது பந்தயத்தை நிறுத்தவே இல்லை. அடுத்த பந்தயமும் நடந்தது. 2021 மே மாதம் முஜெல்லோவில் ஜேசன் டுபாஸ்கியே, அவருக்கும் 19 வயது, ஸ்விட்சர்லாந்துப் பையன், சனிக்கிழமை விழுந்து ஞாயிற்றுக்கிழமை இறந்தார். ஒரு நிமிட மௌனம். உடனே பந்தயம். அன்றைக்கு ஓட்டியிருக்கவே கூடாது என்று சில ஓட்டுநர்கள் பிறகு வெளிப்படையாகப் பேசினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போ என்று ஒருவரை அனுப்புவது, இறந்தவருக்கு மட்டுமல்ல, உயிரோடு இருப்பவருக்கும் செய்கிற அவமரியாதை. பாதுகாப்புக் குறைவும்கூட.

மௌனம்தான் மரியாதை என்றும் இல்லை. 2011-ல் மலேசியாவின் செபாங்கில் மார்கோ சிமோன்செல்லி இறந்தார். பந்தயம் ரத்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து வேலன்சியாவில் அவருடைய அப்பா கேட்டது ஒரு நிமிட மௌனம் அல்ல, ஒரு நிமிடச் சத்தம். என் மகன் சத்தக்காரன், அவனை அப்படியே அனுப்புங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். வாணவெடியும் எஞ்சின்களும் சேர்ந்து மைதானத்தை அதிரவைத்தன. எது மரியாதை என்று குடும்பத்தைக் கேட்டார்கள் பாருங்கள், அதுதான் மரியாதை.

* * *

நம் வாசலுக்கும் வருவோம். 2023 ஆகஸ்ட் 5. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் தேசிய மோட்டார்சைக்கிள் பந்தயம். பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுப் பையன் விழுந்து இறந்தான். எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அவன் அப்பா அம்மா இதைப் படிக்க நேரலாம். மீதிப் பந்தயங்களை அன்றைக்கும் மறுநாளும் ரத்து செய்தார்கள். செய்யவேண்டியதுதான்.

13 வயதுப் பையனிடம் போய் 'அவனுக்குப் பிடித்தது' என்று சொல்லி முடித்துவிட முடியுமா? பிடித்திருக்கும், சந்தேகமில்லை. அந்த வயதில் எதுதான் பிடிக்காது? மோட்டோகிராஸில் இன்னும் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் நான்கு வயதிலேயே 50 சிசி வண்டிக்குத் தனிப் பிரிவு உண்டு. தடை செய் என்று கூப்பாடு போட நான் வரவில்லை. தடை செய்தால் கொடி பிடிக்க ஆளில்லாத ஏதாவது ஒரு தரிசு நிலத்தில் போய் ஓட்டுவார்கள். ஆனால் எந்த வயதில் எந்த வண்டி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்வதில்லை. பெரியவர்கள்தான் செய்கிறோம். 2021-ல் ஸ்பெயினில் 14, 15 வயதுப் பையன்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தபிறகு, உலகப் போட்டிகளில் சேரும் வயதைச் சில விலக்குகளோடு 18 ஆக்கினார்கள். இளையவர் பந்தயங்களில் வண்டிகளின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். பெரியவர்கள் செய்யவேண்டிய எதிர்ப்பதிவு அது.

2024 ஜனவரியில் புனேயில் சூப்பர்கிராஸ் லீக் ஆரம்பித்து, வெளிநாட்டு ஓட்டுநர்கள் வந்து, இங்கேயும் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. நல்லதுதான். மண்மேட்டில் பறக்கிற வண்டியைப் பார்க்கிற பரவசம் எனக்கும் உண்டு. டிக்கெட் வாங்குகிற நமக்குக் கேட்கிற உரிமையும் உண்டு. மேட்டுக்கு மேடு கொடிக்காரர் நிற்கிறாரா? அவருக்குப் பயிற்சி கொடுத்தார்களா? இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தை மண் போட்டு மேஜை மாதிரி நிரப்பியிருக்கிறார்களா? நிரப்பினால், தாண்ட முடியாமல் முன்னதாக இறங்குகிறவர் எதிர்மேட்டில் முட்டாமல் பிழைப்பார். ஆம்புலன்ஸ் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், இன்னொன்று வரும்வரை பந்தயம் நிற்குமா? விபத்து நடந்தால் விசாரணை அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்களா?

ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது நல்ல பழக்கம். நானும் எழுந்து நிற்பேன். நீங்களும் நில்லுங்கள். அறுபத்தோராவது விநாடியில் மைக்கைப் பிடிக்கிறவர் என்ன பேசுகிறார் என்பதையும் நின்று கேளுங்கள்.