சாரீரமும் தோலும்

தாம்பரத்திலிருந்து தரமணியிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்குப் போகும்போதெல்லாம், அங்கே சில காலம் இயக்குநராக வீற்றிருந்த கே. ஏ. குணசேகரனின் புலமையைவிட அவருடைய சாரீரமே என் நினைவில் முந்திக்கொள்கிறது. சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் 1955-இல் பிறந்து, 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராய்ப் பாடித் திரிந்து, பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகி, 2016 சனவரியில் மறைந்த அப்பெருங்கலைஞர், பாட்டிலிருந்து ஆராய்ச்சிக்குப் போனவரேயன்றி, ஆராய்ச்சியிலிருந்து பாட்டுக்கு இறங்கியவரல்லர்.

கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை அவர் பாடக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். அக்கரையில் நிற்பவனை வரப்பிலிருந்து கூப்பிடுகிறவனின் தொண்டை அது. அதில் கமகமும் பிருகாவும் தேடுவது வீண். கெஞ்சலின் சாயலே இல்லாமல் நியாயம் கேட்கும் கம்பீரம் ஒன்றுண்டே, அதுதான் அதன் ராகபாவம்.

தமிழின் முதல் தலித் நாடகமெனப் பேசப்படும் 'பலி ஆடுக'ளில் சாதியின் கொடுமையோடு, ஒடுக்கப்பட்டவனின் வீட்டுக்குள்ளேயே ஒடுக்கப்படும் பெண்ணின் கதியையும் அவர் ஒருசேர நிறுத்தினார். தம்மவரையும் கேள்வி கேட்ட அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அவரை நினைக்கையில் இன்னொரு கலைஞரும் உடன் நினைவுக்கு வருகிறார். அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியர் அமிரி பராக்கா, லீராய் ஜோன்ஸ் என்ற பெயரில் 1963-இல் வெளியிட்ட நூலில் ப்ளூஸ் இசையைத் தம் மக்களின் சரித்திரமாகவே வாசித்தார். 1965-இல் ஹார்லெமில் நாடக அரங்கும் பள்ளியும் கண்டார். இழிவென்று ஒதுக்கப்பட்ட நாதத்திலேயே தம் மக்களின் வரலாற்றைக் கேட்ட செவி இருவருக்கும் வாய்த்திருந்தது.

அப்படி ஒதுக்கப்பட்ட பறையை அருகிருந்து பார்த்தவர்க்கு அந்தச் செவியின் அருமை தெரியும். சென்ற கார்த்திகையில், மழை விட்ட ஒரு மாலை, தாம்பரத்தில் ஒரு மைதானத்தின் ஓரத்தில், ஈரக்காற்றில் தொய்ந்துபோன பறையை வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தாள் ஒரு மாணவி. வேப்பமரச் சட்டத்தை வட்டமாய்த் திருப்பித் திருப்பி, மாட்டுத்தோலை விரல் நுனியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி தீயில் காட்டினாள். மூன்றாம் முறை தட்டியபோது 'கண்'ணென்றது. தோளில் மாட்டிக்கொண்டு, இடக்கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சியும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியுமாக அவள் எழுந்து நிற்க, அதுவரை அரட்டையடித்துக்கொண்டிருந்த சிறுவர் கூட்டம் வட்டமாய் விலகி இடம்விட்டது.