கொடும்பாளூர் வம்சாவளி எவ்வளவு பாரம் தாங்கும்?

திருச்சி–மதுரை சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். நடு விமானத்தில் கிரந்த எழுத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு, இருக்குவேளிர் குடியைத் தந்தை மகனாகச் சொல்லிக்கொண்டே வந்து பூதி விக்கிரமகேசரியில் நிற்கிறது. சிற்றரசர் குடி ஒன்றுக்கு இவ்வளவு நீண்ட கொடிவழி ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். அதனாலேயே அதன்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள்.

பெயர்களோடு சேதியும் தருவதுதான் இதன் பலம். பாட்டன் வாதாபியை வென்றவன். தந்தை சமராபிராமன் சோழ இளவரசி அனுபமையை மணந்தவன். விக்கிரமகேசரி வீரபாண்டியனை வென்றவன். மனைவியர் கற்றளி, வரகுணை. மக்கள் பராந்தகன், ஆதித்தவர்மன். காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடம் கட்டி, ஐம்பது துறவியர் உணவுக்குப் பதினோரு ஊர்களை விட்டிருக்கிறான். ஆனால் தொடக்க வரிகள் சிதைந்துவிட்டன. ஆட்சியாண்டும் இல்லை, சக ஆண்டும் இல்லை.

ஆண்டில்லாத வம்சாவளியை வேறு அரசர்களோடு முடிச்சுப் போட்டுத்தான் காலம் சொல்ல வேண்டும். வீரபாண்டியனைச் சுந்தர சோழனின் பகைவனாகக் கொண்ட வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, விக்கிரமகேசரியைச் சுந்தர சோழன் காலத்தவன் என்றார். முதலாம் ஆதித்தன் காலம், அதாவது 9ஆம் நூற்றாண்டின் இறுதி, என்போர் கோயிலின் கட்டட அமைதியைக் காட்டினார்கள். வாதாபி வெற்றியை 642இல் பல்லவர் பெற்ற வெற்றியோடு இணைத்தாலோ, பேரன் 700ஐ ஒட்டி வந்து நிற்பான்! பிள்ளைகள் பெயராவது கைகொடுக்குமா? முதலாம் ஆதித்தனின் மகன் முதலாம் பராந்தகன். சுந்தர சோழனே இரண்டாம் பராந்தகன், அவன் மகன் இரண்டாம் ஆதித்தன். மேலரசன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்தால், அதே இரண்டு பெயர்கள் இரு காலத்துக்கும் பொருந்தித் தொலைக்கின்றன.

இதைவிடத் துணிச்சலான தாவல் ஒன்று உண்டு. கபிலர் பாரி மகளிரை அழைத்துச் சென்ற இருங்கோவேளை, துவரையிலிருந்து நாற்பத்தொன்பது தலைமுறை வந்தவனாகப் புறநானூறு பாடுகிறது. கொடும்பாளூர்க் கல்வெட்டும் யது குலம் பேசுகிறது. உடனே இரண்டையும் ஒரே மரத்தில் ஏற்றிவிடுகிறோம். இடையில் கிடக்கும் பல நூற்றாண்டுகளுக்குப் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு கை இருப்பு நம்மிடம் இல்லை. புகழ் பாடுகிறவருக்கு ஆதி மூதாதை வேண்டும். ஆய்வாளருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

எனக்கு நம்பிக்கை தருவது திருச்செந்துறை. முதலாம் பராந்தகன் காலத்தில் (907–955) அங்கே கோயில் எடுத்த பூதி ஆதிச்ச பிடாரி, தென்னவன் இளங்கோவேளின் மகள், சோழ இளவரசன் அரிகுலகேசரியின் தேவி. அங்குள்ள தானச் சாசனம் பரம்பரைப் பெருமை பேச வரவில்லை. யார் மகள், யார் மனைவி என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. மெய்க்கீர்த்தியைவிட இந்த ஒரு வரி எனக்குக் கனமானது. அந்தத் தென்னவன் இளங்கோவேளே விக்கிரமகேசரி என்று கொண்டால், மருமகன் அரிகுலகேசரி முதலாம் பராந்தகனின் மகன். மாமனார் முதலாம் ஆதித்தன் தலைமுறையில் இயல்பாக உட்காருகிறார். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். அப்படியானால் அவர் வென்ற வீரபாண்டியன் யார் என்பதற்கு எங்கள் பக்கம் இன்னும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.