சிந்தாமணி யாருடைய சொத்து?

சீவக சிந்தாமணி சமண நூல், அதைச் சமணர்தான் விளக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களில் சிலர் சொல்கிறார்கள். அது தமிழ்க் காப்பியம், இதில் சமயத்தை எதற்கு இழுக்கிறீர்கள் என்று தமிழன்பர்களில் சிலர் கேட்கிறார்கள். நான் பண்டிதன் அல்ல, கடை வைத்திருப்பவன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். நாற்பது வருஷமாக மும்பையில் வியாபாரம் பார்த்துக்கொண்டே இந்நூலைப் படித்து வருகிறேன். இரண்டு பேச்சுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் எங்கள் ஆட்களுக்கு. சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சமணர் அல்ல, மதுரை அந்தணர். அதன் ஏட்டைத் திருவாவடுதுறைச் சைவ மடம் காப்பாற்றி வைத்திருந்தது. அதை அச்சில் கொண்டுவந்தவர் சைவப் பற்று மிக்க உ.வே.சாமிநாதையர். இந்த மூன்றும் இல்லையென்றால் நம்ம கைக்கு இந்தப் புத்தகம் எப்படி வந்திருக்கும்? 'எங்களுடையது' என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதானே நியாயம்.

இனி மற்றவர்களுக்கு. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட பிறகுதான் ஐயர் சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அப்போதே அவர் கல்லூரி ஆசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அப்படிப்பட்டவருக்கே நூலில் பல இடம் பிடிபடவில்லை. அவர் என்ன செய்தார்? அவ்வூர்ச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே சிந்தாமணியைப் பாராயண நூலாகப் படித்து வந்தார்கள். அவர்களிடம் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்தார், அதைத் தம் சரித்திரத்திலும் மறைக்காமல் எழுதினார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. சமயத்தைத் தள்ளிவிட்டு அவர் படிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று பட்டிமன்ற மேடைகளில் நடப்பது வேறு. 'மணநூல்' என்று பெயர் சொல்லி, சீவகனின் எட்டு மனைவியரை வைத்துச் சிரிப்பு மூட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பதின்மூன்றாவதான முத்தி இலம்பகம் யார் வாயிலும் வருவதில்லை. அதில் ஓர் ஆண்குரங்கு தன் பெண்குரங்குக்குப் பலாச்சுளை கொடுக்கிறது. தோட்டக்காரன் இரண்டையும் விரட்டிவிட்டுப் பழத்தைத் தான் எடுத்துக்கொள்கிறான். அதைப் பார்த்த சீவகன், குரங்கு கட்டியங்காரன், தோட்டக்காரன் நான், பழம் இந்தப் போக இன்பம் என்று எண்ணித் துறவு பூணுகிறான். இதை விட்டால் சிந்தாமணியே இல்லை. அது வெறும் கல்யாணப் பத்திரிகைக் கட்டுதான்.

ஆகவே சொல்லும் உரிமை பிறப்பால் வருவது என்று நான் ஒப்பமாட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிவு வரை சொல்கிறவர் யாரோ அவருக்கே அது உண்டு. இதில் எங்களுக்குக் கவலையும் இருக்கிறது. தமிழ்ச் சமணர் தொகை சிறியது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளே ஜைனம் என்றால் குஜராத்தி, மார்வாடி என்றுதான் நினைக்கிறார்கள். நாங்கள் மட்டுமே சொல்வது என்று பூட்டி வைத்தால், எங்களோடு கதையும் போய்விடும்.

நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சைவ ஆசிரியர் சிந்தாமணி நடத்தினால் எனக்குச் சந்தோஷமே. நடத்துமுன் ஒரு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து போகட்டும். முத்தி இலம்பகம் வரை நடத்தட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.