நெரிசலில் சம்பாதிக்கும் வண்டி

வடபழனி சிக்னலில் மாட்டிக்கொண்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சலே வருவதில்லை. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டு ஆற்காடு சாலையைச் சுருக்கியிருந்த நாட்களில்தான் என் வண்டியின் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது. முன்னால் மாநகரப் பேருந்து, பக்கத்தில் தண்ணீர் லாரி, மேலே மே மாத வெயில். உள்ளே இன்ஜின் அணைந்து கிடக்கிறது, ஏசி மட்டும் ஜில்லென்று ஓடுகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் சத்தமில்லாமல் நாலடி நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. இவ்வளவுக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் எரிவதில்லை. டொயோட்டா ஹைரைடர், ஸ்ட்ராங் ஹைப்ரிட். இதை வாங்கியதிலிருந்து கல்யாண வீடானாலும் சரி, அபார்ட்மென்ட் லிஃப்ட்டானாலும் சரி, யார் கிடைத்தாலும் இந்த வண்டியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பேச்சு முடிவதற்குள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அதெல்லாம் சரி சார், கூடக் கொடுத்த காசு திரும்ப வருமா?"

வரும். ஆனால் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதைவிட, எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. கணக்கையே தப்பான இடத்தில் தொடங்கி, "நீங்க மாசத்துக்கு ரெண்டாயிரம் ஓட்டினா ஹைப்ரிட், இல்லைன்னா பெட்ரோல்" என்று முடித்துவிடுகிறார்கள்.

முதலில் விலை. ஆகக் குறைந்த விலை மேனுவல் பெட்ரோலை ஒரு பக்கமும் உச்ச விலை ஹைப்ரிடை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஹைப்ரிடில் கிளட்ச் கிடையாது. அதனால் அதே மாடலின் ஆட்டோமேட்டிக்கோடு, ஏறக்குறைய அதே வசதிகள் உள்ளதோடு ஒப்பிடுவதுதான் நியாயம். அப்படிப் பார்த்து, ஷோரூம் விலையில் வித்தியாசம் இரண்டரை லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம். ஆக, இரண்டரை லட்சம் கூடுதலுக்கு வரியே 45,000 ரூபாய். இன்சூரன்ஸையும் சேர்த்தால் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கையை விட்டுப் போகிற உண்மையான தொகை இதுதான்.

இனி பெட்ரோல். புரோஷரில் போட்டிருக்கும் ஏஆர்ஏஐ சோதனை மைலேஜ், ஹைப்ரிடுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், சாதா ஆட்டோமேட்டிக்குக்கு 20.58. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் ஒரு ரூபாய் முப்பது காசுதான். மூன்று லட்சத்தை மீட்க இரண்டே கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். இதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் "கட்டுப்படியாகாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆனால் நம் ஊர்ச் சாலையில் நடப்பது வேறு. நான் வளசரவாக்கத்திலிருந்து வடபழனி, அசோக் பில்லர், கிண்டி, வேளச்சேரி வழியாகத் தரமணிக்குப் போகிறவன். இந்த ரூட்டில் இந்த எடையுள்ள சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 12 கொடுத்தால் பெரிய விஷயம். என் ஹைப்ரிட் அதே ரூட்டில், அதே நெரிசலில், ஏசியோடு 23 கொடுக்கிறது. அங்கே கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் நாற்பது காசு, இங்கே நாலு ரூபாய் நாற்பது காசு. முழுசாக நாலு ரூபாய் மிச்சம்! மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் ஆறாயிரம் ரூபாய். நாலு வருஷத்துக்குச் சற்று மேலே போனால் மூன்று லட்சமும் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம்.

இதே வண்டியைத் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் நூறில் ஓட்டிப் பாருங்கள். ஹைப்ரிட் 21 கொடுக்கும், சாதா பெட்ரோல் 17 கொடுக்கும். மிச்சம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். மாதம் அதே 1,500 ஓட்டினாலும் போட்ட காசை எடுக்க 14 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆர்சி புதுப்பிக்கிற காலமே வந்துவிடும். திருச்சிக்கும் மதுரைக்கும் வாரா வாரம் ஓடுகிற என் மைத்துனர் கேட்டபோது, "மாப்ளே, உனக்கு டீசல்தான்" என்று மனசாரச் சொன்னேன்.

ஊருக்குள் மட்டும் ஏன் இப்படி ஒரு மாயம்? இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. சாதாரண வண்டியில் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும், பெட்ரோல் எரித்து வாங்கிய வேகம் முழுக்க பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போகிறது. சென்னையில் நூறு மீட்டருக்கு ஒரு பிரேக். ஹைப்ரிடில் பிரேக்கை மெல்ல அழுத்தினால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அந்த வேகம் கரண்டாகி பேட்டரிக்குள் போகிறது. அடுத்த நொடி நகரும்போது அதே கரண்டு வண்டியைத் தள்ளுகிறது. பெய்கிற மழையைத் தொட்டியில் பிடித்து அன்றைக்கே செடிக்கு ஊற்றுகிற மாதிரி. அதனால்தான் பேட்டரி பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதன் கொள்ளளவு 0.76 யூனிட், வீட்டு மீட்டர் கணக்கில் முக்கால் யூனிட்தான். வெளியே சார்ஜ் போடும் வேலையே கிடையாது.

ஏசியும் அப்படித்தான். இதன் கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட் சுற்றுவதில்லை, பேட்டரி கரண்டு சுற்றுகிறது. சிக்னலில் இன்ஜின் நின்றாலும் குளிர் நிற்பதில்லை. பேட்டரி ரொம்ப இறங்கினால் இன்ஜின் தானே எழுந்து கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அணைந்துகொள்ளும். அது எழுந்ததும் அணைந்ததும் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவுக்குத் தெரியாது. கார் என்றாலே எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்; கிளட்ச் வண்டியின் குலுக்கலில் போரூர் தாண்டுவதற்குள் கண்ணை மூடிக்கொள்வார். இதில் மாங்காடு கோயில் வரைக்கும் கதை பேசிக்கொண்டே வருகிறார்.

குலுக்கல் இல்லாததற்குக் காரணம், மாற்றுவதற்குக் கியரே இல்லை என்பது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சின்னச் சக்கரங்கள், அவற்றுக்கு வெளியே ஒரு வளையம். நடுச் சக்கரத்தோடு ஒரு மோட்டார். சுற்றி ஓடும் சின்னச் சக்கரங்களின் சட்டத்தோடு இன்ஜின். வெளி வளையத்தின் வழியாக இன்னொரு மோட்டாரும் டயர்களும். இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றினால் பெட்ரோல் குறைவாகப் பிடிக்குமோ அந்த வேகத்திலேயே அதை வைத்துக்கொண்டு, மீதியை மோட்டார்கள் ஈடுகட்டுகின்றன. 1997 டிசம்பரில் டொயோட்டா ஜப்பானில் ப்ரியஸை விற்க ஆரம்பித்தபோதே அடிப்படை இதுதான். கால் நூற்றாண்டாக உலகம் முழுக்க ஓடித் தேய்ந்து நிரூபித்த அமைப்பு, பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் தயாராகி நம் தெருவுக்கு வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனுக்கு இதில் முதலில் நம்பிக்கையே இல்லை. ஒருநாள் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "செல்ஃப் மோட்டார் எங்கேப்பா?" இல்லை அண்ணே, உள்ளே இருக்கிற மோட்டாரே இன்ஜினைச் சுற்றி எழுப்பும் என்றேன். "டைனமோ?" அதுவும் இல்லை. "கிளட்ச் பிளேட்டும் கிடையாது, டைனமோ பெல்ட்டும் கிடையாது, செல்ஃபும் கிடையாது. அப்போ என்னதான் ரிப்பேர் ஆகும்?" என்று இடுப்பில் கைவைத்து நின்றார். ஆரஞ்சு நிறக் கேபிள்களை மட்டும் தொட வேண்டாம், அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம் என்று காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பிரேக் பேடைப் பார்த்து, "இது இன்னும் புதுசாவே இருக்கே" என்றார். பாதிக்கு மேல் பிரேக் வேலையை மோட்டார் செய்யும்போது பேட் எப்படித் தேயும்?

பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவாகுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: டொயோட்டா இந்தப் பேட்டரிக்குக் கொடுக்கும் வாரன்ட்டி எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. போட்ட காசை எடுக்கும் காலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். நான் முதலில் போன ஒரு ஷோரூமில், "இதுவும் ஹைப்ரிட்தான் சார், விலையும் கம்மி" என்று வேறொரு வண்டியைத் தள்ளப் பார்த்தார்கள். அது மைல்டு ஹைப்ரிட். அதிலுள்ள குட்டி மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைத்து எழுப்பும். தனியாக வண்டியை ஓரடி நகர்த்தாது. நான் இவ்வளவு நேரம் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. ஹைரைடரிலும் அதன் உடன்பிறப்பான மாருதி கிராண்ட் விட்டாராவிலும் இரண்டு வகையும் உண்டு. புக் செய்யும்போது ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மலைப்பாதையில் ஒரு சுவாரசியம். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,600 கிலோ என்றால், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்கும்போது கிடைக்கிற சக்தி ஆறு யூனிட்டுக்கு மேல். நம்மிடம் இருப்பதோ முக்கால் யூனிட் பேட்டரி. பாதி மலை இறங்குவதற்குள் நிரம்பிவிடுகிறது. மிச்சத்தை என்ன செய்யும்? லீவரை 'B' என்ற நிலையில் போட்டால், மோட்டார் அந்தக் கரண்டைக் கொண்டு பெட்ரோல் இல்லாமலே இன்ஜினை விர்ரென்று சுற்றி, அதன் இழுவையால் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. முதல்தடவை கேட்கிறவர்கள் அந்த இரைச்சலில் பயந்துபோவார்கள். பயப்படாதீர்கள், உங்கள் பிரேக் சூடாகாமல் காப்பாற்றுகிற சத்தம் அது.

குறையே இல்லையா என்றால், டிக்கி சின்னது. பேட்டரி அங்கே உட்கார்ந்திருப்பதால் மைல்டு ஹைப்ரிடின் 373 லிட்டர் இதில் 265 ஆகிவிடுகிறது. இரண்டு பெரிய சூட்கேஸ் வைத்தால் முடிந்தது. ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் மூன்று சிலிண்டர் இன்ஜின் குரலை உயர்த்தும். வேகப்பிரியர்களுக்கு அது பிடிக்காது. எனக்கு இரண்டும் பெரிதில்லை.

மின்சாரக் கார் இதைவிட மலிவாக ஓடுமே என்றால், ஓடும்தான். ஜிஎஸ்டி அதற்கு 5 சதவீதம், நமக்கு 40. வீட்டில் சொந்தமாகச் சார்ஜர் போட இடம் இருக்கிறவர்கள் தாராளமாக அதை வாங்கலாம். எங்கள் அபார்ட்மென்டில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பிளக் கேட்டாலே சங்கக் கூட்டம் கூட்ட வேண்டும். அப்படி இருக்கிற லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இன்றைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தது. நம் அரசும் அந்த 18 சதவீதச் சாலை வரியில் பாதியையாவது குறைத்தால், சென்னை, கோவை நெரிசலில் புகை கக்கும் எத்தனை டெயில் பைப்புகள் வாயை மூடும்! மனசு கேட்காமல்தான் சொல்கிறேன்.

வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். அவர்கள் காலியான பைபாஸில் ஒரு ரவுண்டு விட்டுக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அங்கே இந்த வண்டி ஒன்றும் பேசாது. வேலை நாளில் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கேளுங்கள். வீட்டில் நாலு பேரையும் ஏற்றி, ஏசியை 23-ல் வைத்து, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, நீங்கள் தினமும் மாட்டிக்கொள்கிற அதே சாலையில் விடுங்கள். திரும்பி வரும்போது மீட்டர் காட்டுகிற மைலேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே நேரம், அதே சாலையில், அதே ஆட்களோடு பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை ஓட்டுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வகுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.