ஒரே தண்ணீரில் பல படகுகள்

மான்மவுத் ஜங்ஷனில் கடல் கிடையாது. ரயில் பாதைகள் பிரிந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. பெயரில் இருக்கும் மான்மவுத் கடலோர மாவட்டம். கிழக்கே சுமார் ஒரு மணி நேரக் கார்ப் பயணம். இங்கே குடியிருக்கும் தமிழர்களிடம் துடுப்புப் படகு என்று பேச்செடுத்தால் பக்கத்துப் பிரின்ஸ்டனின் கார்னகி ஏரியைத்தான் காட்டுவார்கள். ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பணத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் படகு வலிப்பதற்கென்றே ஆற்றை மறித்து 1906இல் உண்டாக்கிய ஏரி. விடிகாலையில் போனால் எட்டுப் பேர் வலிக்கும் படகுகளைப் பார்க்கலாம். அறுபதடி நீளம், இரண்டடி அகலம். நகரும் இருக்கை, கால்மாட்டில் பூட்டிய காலணி, எட்டுத் துடுப்பும் ஒரே நொடியில் தண்ணீருக்குள் போகும் ஒழுங்கு. கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் அந்த அழகில் தண்ணீருக்கு வேலையே இல்லை. அலையற்ற நீரில் எல்லாரிடமும் ஒரே மாதிரிப் படகு இருப்பதால், மிஞ்சும் வித்தியாசம் மனித உடம்பு மட்டும்.

என் விருப்பம் வேறு பக்கம். வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு வேலைக்காகப் பிறந்த படகுகள் ஒரே கடலில், ஒரே காற்றில், ஒரே நாளில் ஓடும் பந்தயங்கள் இருக்கின்றன. அங்கே யார் முந்தினார் என்பது இரண்டாம் பட்சம். ஒவ்வொரு படகும் எந்தக் கரையின் எந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது என்று கண்ணால் படிக்கலாம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதற்குப் பேர்போனது மாசசூசெட்ஸில், பாஸ்டன் துறைமுகத்தின் வாயிலிருக்கும் ஹல் என்ற சிற்றூரில் நடக்கும் ‘ஸ்னோ ரோ’. ஹல் உயிர்காப்பு அருங்காட்சியகம் நடத்துவது. மார்ச் மாதம், பனிக்காலம் முடியாத நேரம்; மூன்றே முக்கால் மைல் முக்கோணப் பாதை. படகுகளைக் கரையோரம் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். சைகை கிடைத்ததும் கரையிலிருந்து ஓடிப்போய் ஏறித்தான் புறப்பட வேண்டும். அந்த முதல் இரண்டு நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. கனத்த படகுக்காரர்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே தட்டையான அடி கொண்ட படகு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். நடுக்கடலில் போனபின் கதை மாறும்.

அங்கே வரும் படகுகளில் நாலைந்தைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. முதலாவது, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பிறந்த பைலட் கிக். 32 அடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஆறு துடுப்பு, ஒரு சுக்கான். கரைக்கு வரும் கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியை முதலில் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கே கூலி என்பதால், வேகம்தான் அதன் பிழைப்பு. துடுப்பைத் தாங்கும் இரண்டு முளைகளில் ஒன்று வன்மரம், மற்றது மென்மரம். எதிலாவது மோதினால் மென்முளை ஒடிந்து துடுப்பைக் காப்பாற்றும். எது ஒடிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்த தச்சனின் புத்தியை நான் வியக்காத நாள் இல்லை.

அடுத்தது அயர்லாந்தின் கரக். மெல்லிய மரச் சட்டத்தின் மேல் தார் பூசிய கித்தான் போர்த்தியது. இரண்டு மூன்று பேர் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அதன் துடுப்புக்கு அலகே இல்லையோ என்று தோன்றும், அவ்வளவு ஒடுக்கம். காரணம் இருக்கிறது. துடுப்பில் பொருத்திய கட்டையின் துளை ஒற்றை முளையில் மாட்டியிருக்கும். கையை விட்டாலும் துடுப்பு ஓடிப்போகாது. ஆனால் மணிக்கட்டால் திருப்பிக் காற்றுக்குத் தப்ப வைக்கவும் முடியாது. அலகு அகலமாக இருந்தால் எதிர்க்காற்று பிடித்துக்கொள்ளும். அதனால் அலகை ஒடுக்கிவிட்டார்கள். வலை விடும்போது கை விட்டும் வேலை செய்ய வேண்டிய மீனவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

டோரியின் குணம் இன்னும் விநோதம். தட்டையான அடி, வெளிப்பக்கம் விரிந்த பக்கப்பலகை. குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றிப்போவார்கள். வெறும் டோரி ஆளைத் தள்ளாட வைக்கும். மீன் நிறைந்தால் நிதானத்துக்கு வரும். பந்தயத்தில் அது வெறுமையாகத்தானே ஓடுகிறது? வலிப்பவர் உட்காரும் இடத்திலும் உடம்பின் சாய்விலும் அந்தக் குறையை ஈடு செய்வதைக் கவனித்தால், படகோட்டுவது தோள் வேலை மட்டுமல்ல என்று புரியும். திமிங்கில வேட்டைப் படகோ இருமுனையும் கூரானது. விலங்கை ஈட்டியால் குத்தியதும் திருப்ப நேரமிருக்காது. பின்புறமாகவே விலக வேண்டும். இன்று திமிங்கிலம் இல்லை, ஈட்டி இல்லை. முனை மட்டும் கூராகவே இருக்கிறது.

இந்த வரிசையில் எங்கள் நியூ ஜெர்சிக்கும் ஒரு பெருமை உண்டு: சீ பிரைட் ஸ்கிஃப். மான்மவுத் மாவட்டத்தின் அட்லாண்டிக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் உருவான மீன்பிடிப் படகு. நேர்க்கோடாக நீளும் மணல் கரை, ஒதுங்கக் குடா இல்லை, அலை நேரே வந்து அறையும். படகைக் கரையிலிருந்தே கடலில் இறக்கி, கரையிலேயே ஏற்ற வேண்டும். கூரான ஏராக்கட்டை வைத்தால் மணலில் சாய்ந்து விழும். தட்டை அடி வைத்தால் கடலில் பிடிமானம் இருக்காது. அந்தக் கரையின் தச்சர்கள் இரண்டையும் கூட்டினார்கள். ஒடுக்கமான தட்டைப் பலகை அடியில். அதன் பின்பகுதியில் உள்ளீடற்ற பெட்டி போல ஏரா. மேலே ஓட்டு வரிசையாய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய செடார் பலகைகள், உள்ளே ஓக் மர வங்குகள். மணலில் நிமிர்ந்து நிற்கும், அலையில் நேராகப் போகும். நியூ ஜெர்சிக் கடற்கரைகளில் கோடைதோறும் உயிர்காவலர்கள் இருவர் இருவராக வலித்துப் போட்டியிடும் படகுகள் இன்று கண்ணாடியிழையில் வார்க்கப்பட்டவை. ஆனாலும் அவற்றின் உடம்பில் இந்த மீன்படகின் சாயல் தெரியும்.

இதன் தகுதியை 1896இல் உலகம் கண்டது. நார்வேயிலிருந்து வந்து நியூ ஜெர்சிக் கரையில் சிப்பி எடுத்துப் பிழைத்த ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவல்சன் என்ற இருவர், பதினெட்டடிப் படகு ஒன்றில் ஜூன் 6ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து புறப்பட்டார்கள். பிராஞ்ச்போர்ட்டில் வில்லியம் சீமன் கட்டியது, பெயர் ‘ஃபாக்ஸ்’. பாய் கிடையாது, துடுப்பு மட்டும். நடுக்கடலில் படகு ஒருமுறை கவிழ்ந்தது. பிடித்து நிமிர்த்த வசதியாக அடியில் கம்பிகள் பொருத்தி வைத்திருந்ததால் பிழைத்தார்கள். 55 நாளில் இங்கிலாந்தின் சில்லி தீவுகளை அடைந்தார்கள். அட்லாண்டிக்கை வலித்தே கடந்தவர்களில் முதல்வர்கள் இவர்கள்தான். பைலட் கிக்குகளுக்கான உலகப் போட்டி இப்போது ஆண்டுதோறும் மே மாதம் நடப்பதும் அதே சில்லி தீவுகளில்தான்.

துறைமுகம் இல்லாத, அலை அறையும் கரை என்றதும் தமிழனுக்கு நினைவு வர வேண்டியது சென்னை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை, கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அதே சிக்கலுக்கு நம்மவர் கண்ட விடை நேரெதிரானது. ஆணி கிடையாது, உள்ளே வங்கு கிடையாது; பலகைகளைக் கயிற்றால் தைத்துவிட்டார்கள். ஜெர்சிப் படகு அலையை விறைப்பாக எதிர்கொண்டது. மசூலா அலை அடிக்கும்போது உடம்பை நெளித்துக் கொடுத்தது. தரையில் மோதினாலும் பிளக்காமல் வளைந்தது. பின்னால் நின்று நீள்துடுப்பால் திசை காட்டிய தண்டேல், எந்த அலையை விட்டு எந்த அலையின் முதுகில் ஏற வேண்டும் என்று கணித்தார். அருகிலேயே கட்டுமரக்காரர்கள் காவலாக வந்தார்கள், யாராவது விழுந்தால் தூக்க. கட்டுமரத்தின் விடையோ மூன்றாம் வகை: தண்ணீரை வெளியே வைக்கும் முயற்சியையே கைவிட்டது. கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் வந்து போகட்டும், நிரம்பினால்தானே மூழ்க? ஒரே கேள்விக்கு விறைப்பு, நெகிழ்ச்சி, திறப்பு என்று மூன்று விடைகள். இவை மூன்றையும் ஒரே அலையில் நிறுத்திப் பார்க்கும் பந்தயம் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. பார்க்கக் கிடைத்தால் மற்ற எதையும் விட்டுவிட்டுப் போவேன்.

இப்படிப் பொருந்தாத படகுகளை ஒரே போட்டியில் எப்படிச் சேர்ப்பது? அதுவே ஒரு கலை. ஸ்னோ ரோ போன்றவற்றில் துடுப்பின் எண்ணிக்கை, சுக்கான் பிடிப்பவர் உண்டா, படகின் வகை என்று பிரிவு பிரிப்பார்கள். எல்லாரும் ஒரே கடலில் ஓடினாலும் கிக் கிக்கோடும் டோரி டோரியோடும்தான் மோதும். லண்டனில் தேம்ஸ் மேல் 1988 முதல் நடக்கும் ‘கிரேட் ரிவர் ரேஸ்’ வேறு வழி பிடித்தது. 21.6 மைல் தூரம், நூற்றுக்கணக்கான படகுகள். மெதுவான படகை முதலில் அனுப்பி, வேகமானதைக் கடைசியாக விடுவார்கள். ஒவ்வொரு படகிலும் வலிக்காத ஒரு பயணி உட்கார வேண்டும் என்பது விதி, படகு என்றால் யாரையாவது ஏற்றிப்போவதுதானே என்ற நியாயத்தில். கடைசி மைலில் எல்லா வகையும் நெருக்கியடித்து வரும். தேர்ந்த ரசிகன் அங்கேதான் நிற்பான்.

குழுவைச் சேர்ப்பதிலும் நுட்பம் உண்டு. ஆணும் பெண்ணும் கலந்து வலிக்கும் பிரிவுகளில், வயதும் உயரமும் ஒத்துவராத ஆறு பேர் ஒரே வீச்சுக்கு வர வேண்டும். நிலையான இருக்கையில் கால் ஓடாது. முதுகும் இடுப்பும்தான் வேலை செய்யும். அதனால் வீச்சு குறுகும், நிமிடத்துக்கான வீச்சுகளின் எண்ணிக்கை கூடும். அலை வந்து ஒருபக்கத் துடுப்பைக் காற்றில் தொங்கவிடும் நொடியில் யாரும் குழம்பாமல் அடுத்த வீச்சுக்குச் சேர்ந்துகொள்வதே கடல் வலிப்பின் அடையாளம். ஏரியில் இந்தக் கேள்வியே எழாது. நம் கரைகளில் அதற்கு அம்பாப் பாட்டு இருந்தது. ஒருவர் அடி எடுக்க, மற்றவர் வலிப்போடு மறுமொழி சொல்ல, மூச்சே தாளக்கட்டாகிவிடும். இங்கே சுக்கான் பிடிப்பவரின் அதட்டல் அந்த வேலையைச் செய்கிறது. பாட்டுதான் மேல் என்பேன்.

சேர விரும்புகிறவருக்குச் சொந்தப் படகு தேவையில்லை. எங்கள் பக்கத்தவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி நியூயார்க் போனால், ஹட்சன் கரையில் வில்லேஜ் கம்யூனிட்டி போட்ஹவுஸ் இருக்கிறது. தன்னார்வலர்கள் கையால் கட்டிய வைட்ஹால் கிக்குகளில் புதியவர்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் அதே துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே வாடகை வண்டி போல ஓடிய படகுகளின் வம்சம் அவை. பெரிய கடலைப் பார்க்கத் துணிந்தவர்களுக்கு மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் ஜூலையில் நடக்கும் ‘பிளாக்பர்ன் சேலஞ்ச்’ இருக்கிறது. கேப் ஆன் முனையைச் சுற்றிச் சுமார் இருபது மைல். 1883இன் பனிப்புயலில் கப்பலைப் பிரிந்து, துணைவன் இறந்தபின்னும், விரல்கள் துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே உறைந்துபோக விட்டு நியூஃபவுண்ட்லாந்து வரை வலித்துக் கரையேறிய ஹோவர்ட் பிளாக்பர்ன் என்ற டோரி மீனவரின் பெயரால் நடப்பது.

அந்தக் குளோஸ்டர் நமக்கு அந்நிய ஊர் அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் மரத்தால் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி, அமெரிக்கர் வில்லியம் ராபின்சனால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்ட, 1938இல் வந்து சேர்ந்த துறைமுகம் அது. பந்தயத்தில் வலிக்கிற தமிழர் இந்தச் செய்தியையும் தெரிந்துகொண்டு வலிக்கலாம்.

இந்தப் பந்தயங்களை வெறும் பழம்பெருமைக் காட்சி என்று ஒதுக்குகிறவர்களுக்கு ட்ரெஃப்ரியைச் சொல்வேன். 1838இல் கட்டிய கார்ன்வால் கிக் அது. வழிகாட்டும் வேலை நின்ற பிறகு அந்த வகைப் படகுகள் அழிந்திருக்க வேண்டும். நியூகே ஊரார் போட்டிக்காகச் சிலவற்றை வைத்துக்கொண்டார்கள். இன்று புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு போட்டி கிக்கும் ட்ரெஃப்ரியின் அளவுப்படிதான் இருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் வைத்த படகு வடிவத்தை மட்டும் காக்கும். எந்த அளவில் பலகை வளைய வேண்டும், எங்கே உட்கார்ந்து எப்படி வலிக்க வேண்டும் என்ற கைப்பழக்கத்தைக் காப்பது போட்டி. ஏனென்றால் ஆண்டுதோறும் படகு உடையும், யாராவது செப்பனிட வேண்டும், யாராவது அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

தமிழ்க் கரையில் இதற்கு விதை இல்லாமல் இல்லை. ராமநாதபுரத்துக் கரையில் தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. சமநிலைக்காக நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து காற்றோடு வாதாடும் அழகு தனிக் கட்டுரைக்குரியது. மற்றபடி கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து மோட்டாரும் பிடித்துவிட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அந்த மாற்றம் இன்னும் வேகமெடுத்தது. மீனவர் அதை விரும்பியதில் தவறில்லை, பிழைப்பு அவர்களுடையது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், கட்டுமரமும் வள்ளமும் வத்தையும் தைத்த படகும் ஒரே கரையிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் போட்டிக்கு என்ன செலவாகிவிடும்? ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பரிசுத் தொகையைவிட ஒரு விதிதான் முக்கியம்: ஒவ்வொரு படகிலும் இருபது வயதுக்குக் கீழ் ஒருவராவது வலிக்க வேண்டும்.