ஒட்டுப் போடுவதா, புதிது நெய்வதா?

போர்த்தந்திரக் கணினி விளையாட்டு ஒன்று குறையோடு விற்பனைக்கு வந்துவிட்டால், அதை ஆக்கியோர் செய்யத்தக்கது யாது? திருத்தங்களை அனுப்பிக்கொண்டே இருப்பதா? அதை அப்படியே விட்டு அடுத்த பாகத்தை ஆக்குவதா? வாங்கியவர் திருத்தத்தைக் கேட்பர், அது இலவசம். ஆக்கியோர்க்கோ அடுத்த பாகத்தின்மேலே கண். அதற்கு விலை உண்டு. இரு சாராரின் ஆசையையும் ஒதுக்கிவைத்து, குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே முறை.

2010 செப்டம்பரில் வந்த 'சிவிலிசேஷன்' ஐந்தாம் பாகம் இதற்குத் தக்க சான்று. 2005இல் வந்த நான்காம் பாகத்தில் ஒரே கட்டத்தில் எத்தனை படைகளையும் அடுக்கலாம். பெரிய அடுக்கு சிறிய அடுக்கை விழுங்குவதே போர் என்றாயிற்று. இதை மாற்ற விரும்பிய தலைமை வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், அறுகோணக் கட்டம் ஒன்றில் போர்ப்படை ஒன்றே நிற்கலாம் என விதித்தார். எண்ணம் நன்றே. வேலேந்தியரை முன்னும் வில்லாளரைப் பின்னும் நிறுத்தும் நுட்பம் அதனால் பிறந்தது. ஆனால் உலகம் முழுவதையும் காட்டும் படத்தில் அதற்கு வேண்டிய கட்டங்கள் ஏது? படைகள் விரைந்து பெருகினால் வழியெல்லாம் அடைபடும். ஆகவே நகரங்களின் ஆக்க வேகம் குறைக்கப்பட்டது. ஆக்கம் குறையவே, ஒன்றும் செய்யாமல் அடுத்த முறைக்குக் காத்திருக்கும் பொழுது நீண்டது. கணினி எதிரியோ, தன் படையே தனக்கு வழிமறிக்க, வில்லாளரை முன்னே அனுப்பிப் பறிகொடுத்தது. இவ்விதியால் விளைந்த கேடுகளை ஷேஃபரே 2013இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

திருத்தங்கள் பல வந்தன. 'காட்ஸ் அண்ட் கிங்ஸ்' 2012இலும் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 2013இலும் விலைக்கு வந்த விரிவாக்கங்கள். சமயமும் உளவும் வணிக வழிகளும் சேர்ந்து ஆட்டம் செழித்தது; ஐயமில்லை. எனினும் கணினிப் படைகளின் நெரிசல் தீரவில்லை. எவ்வாறு தீரும்? நகரத்தின் வேகமும் படையின் விலையும் அந்த ஒரு விதியின்மேலே அளந்து வைக்கப்பட்டவை. அதைப் பிடுங்கினால் மிஞ்சுவது வேறு விளையாட்டு. வேரைத் தொடும் வேலை பின்வந்த பாகங்களுக்கே விடப்பட்டது. 2016இல் வந்த ஆறாம் பாகம், ஆட்டத்தின் பிற்பகுதியில் ஓரினப் படைகளை ஒன்றாய் இணைக்க இடமளித்தது. 2025இல் வந்த ஏழாம் பாகம், தளபதி ஒருவரின்கீழ்ப் பல படைகளை ஒரே கட்டத்தில் நடத்திச் சென்று களத்தில் பிரித்து நிறுத்த விட்டது. பதினைந்து ஆண்டுகள்! அவசரக்காரர்க்கு ஏற்ற தொழில் அன்று இது.

வேரில் உள்ள குறைக்கு அடுத்த பாகமே மருந்து என்றால், அம்மருந்தின் விலையை யார் கொடுப்பது? 2010 ஆகஸ்ட்டில் ஸ்டார்டாக் நிறுவனம் வெளியிட்ட 'எலிமென்டல்: வார் ஆஃப் மேஜிக்' இதனினும் பெருங்குறையோடு வந்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. நிறுவனத் தலைவர் பிராட் வார்டெல் பிழையைத் தம்மேலே ஏற்றுக்கொண்டார். திருத்தங்கள் ஓட்டத்தைச் சீராக்கின, சுவையை ஊட்டவில்லை. பின்னர், டெரெக் பாக்ஸ்டன் பொறுப்பில் புதிதாக அமைத்த 'ஃபாலன் என்சான்ட்ரஸ்' 2012 அக்டோபரில் வெளிவந்தது. 2010இல் முந்தையதை வாங்கியவர்களுக்கு அது விலையின்றி வழங்கப்பட்டது.

'சிவிலிசேஷன்' ஐந்தாம் பாகம் அப்படி நின்றுபோன விளையாட்டன்று என்பது அதன் சார்பில் சொல்லத்தக்கதே. ஆயினும் அதை வாங்கி, இரு விரிவாக்கங்களையும் வாங்கியவர்கள், ஆறாம் பாகத்தையும் விலை கொடுத்தே வாங்கினார்கள்.