சியாவ்சியின் சிரிப்பு: ஒரு சீன நாடக ஆராய்ச்சி

வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் தந்தை, கைப்பேசியை முகத்தருகே வைத்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருக்கும் மகளைக் காண்கிறார். "என்னம்மா பார்க்கிறாய்?" என்று கேட்கிறார். "சீன நாடகம், அப்பா" என்று விடை வருகிறது. "பாஷை தெரியாத நாடகத்தில் என்ன இருக்கிறது? எல்லாம் காதற் கூத்துத்தானே!" என்று முணுமுணுத்தவாறு அவர் குளிக்கப் போய்விடுகிறார். தோட்டமாயினும் பட்டணமாயினும் நம்மவர் இல்லங்களில் இக்காட்சி இன்று புதிதன்று. தந்தையின் முணுமுணுப்பில் நியாயம் உண்டா, மகளின் சிரிப்பில் பொருள் உண்டா என்பதை ஒரு நாடகத்தை முன்வைத்து நடுநிலையில் நின்று ஆராய விரும்புகிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட நாடகம் 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டென்சென்ட் நிறுவனத்தின் இணையத்திரை வழியாகச் சீன நாட்டில் வெளிவந்ததாகும். அதன் சீனப் பெயரைத் தமிழிற் சொன்னால் 'நமது கள்ளமற்ற சிறு இனிமைகளுக்கு' என்பது போல் அமையும். பிற நாட்டார் அதனை 'எ லவ் சோ பியூட்டிஃபுல்' என்னும் ஆங்கிலப் பெயரால் அறிவர். சாவ் சியென்சியென் என்ற பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவியது இது. நாயகியாக ஷென் யூவே என்பவரும், நாயகனாக ஹூ யீதியென் என்பவரும் நடித்துள்ளனர். 2020ஆம் ஆண்டில் கொரியர் இதே கதையைத் தம் மொழியில் மீண்டும் நடித்தனர் என்பதொன்றே இது பெற்ற செல்வாக்கிற்குப் போதிய சான்றாகும்.

கதை மிகச் சிறியது. சென் சியாவ்சி கலகலப்பான பெண். படிப்பில் மந்தம், படம் வரைவதில் ஆசை. அவளுடைய அண்டைவீட்டுப் பிள்ளையும் உடன் படிப்பவனுமாகிய ஜியாங் சென் வகுப்பில் முதல்வன், அழகன், ஆனால் வாயைத் திறப்பது அரிது. பள்ளிப் பருவத்திலேயே அவள் அவனை விரும்புகிறாள். விரும்புவதை ஒளிக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. வூ போசோங் என்ற நீச்சல் வீரன் வகுப்பில் புதிதாய் வந்து சேர்ந்து அவள்மேல் அன்பு கொள்கிறான். அவள் மனம் வேறிடத்தில் உள்ளதை அறிந்தும் நண்பனாகவே நிற்கிறான். பள்ளி முடிந்து கல்லூரி வருகிறது, காதல் கைகூடுகிறது, பின் பிரிவு வருகிறது. ஆண்டுகள் கழிந்து, அவன் மருத்துவனாகவும் அவள் சித்திரம் வரைந்து பிழைப்பவளாகவும் ஆனபின் மீண்டும் சந்திக்கின்றனர், மணந்துகொள்கின்றனர். கதை இவ்வளவே. இதிற் கொலையில்லை; கொள்ளையில்லை; பழிவாங்கலில்லை; கொடியவன் என்று சுட்டத்தக்க பாத்திரமும் இல்லையெனலாம். தேர்வும், மதிப்பெண்ணும், வகுப்பறைக் குறும்பும், தோழர்களின் கேலியுமே நாடகத்தை நிரப்புகின்றன.

"இத்தனை இலேசான கதையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். இலேசாயிருப்பது எளிதில் வந்ததென்று நினைப்பதுதான் பிழை. சியாவ்சியின் பாட்டியார் காலத்துச் சீனத்தில் இக்கதையை இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்க முடியாது.

பா ஜின் என்னும் புகழ்பெற்ற சீன எழுத்தாளரின் 'குடும்பம்' என்ற நாவல் 1931இல் பத்திரிகையில் தொடராக வரத்தொடங்கி 1933இல் நூலாயிற்று. அதில் ஒரு பெரிய வீட்டின் மூத்த பேரன் தன் உறவுப்பெண் ஒருத்தியிடம் உயிரையே வைத்திருக்கிறான். அவனுடைய மனைவி யார் என்பதோ சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படுகிறது! அதே வீட்டின் இளைய பேரனிடம் அன்புகொண்ட பணிப்பெண் ஒருத்தியை ஒரு கிழவருக்கு ஆசைநாயகியாகக் கொடுக்கத் தீர்மானிக்கிறார்கள். அவள் குளத்தில் விழுந்து உயிர் துறக்கிறாள். அக்காலத்துச் சீன வாலிபர் அந்நூலைக் கண்ணீரோடு படித்தனர். அந்நூல் சொன்னது அவர்கள் வீட்டுச் செய்தியாயிருந்ததே அதற்குக் காரணம்.

கட்டாய மணத்தையும், ஆசைநாயகி வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும், குழந்தைப் பருவத்திலேயே நிச்சயம் செய்துவிடும் கொடுமையையும் சீன அரசு சட்டத்தால் விலக்கியது 1950ஆம் ஆண்டு மே மாதத்திலேயாம். சட்டம் ஒரு நாளில் வந்துவிடும். வழக்கம் ஒரு நாளில் போவதில்லை. ஆயினும் சீட்டுக் குலுக்கி மனைவியைத் தேர்ந்த நாட்டில், ஒரு பள்ளிச் சிறுமி 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்று தானே முன்வந்து சொல்வதைப் பார்த்துக் குடும்பங்கள் உடனிருந்து சிரிக்கும் காலமும் வந்தது. அச்சிரிப்பு இலேசாய் இருப்பதற்காக முன்னிருந்தோர் பலர் பெரும் பாரத்தைச் சுமந்தனர். தந்தையார் கூத்தென்று தள்ளிய நாடகத்தின் முதற்பெருமை இதுவேயென்று நாம் கருதுகிறோம்.

பெண் முன்வந்து பேசுவது சிறு செய்தியன்று. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தல் மரபன்று என்று நம் தொல்காப்பியரும் விதித்துள்ளார். பெண்ணின் விருப்பம் தோழி வாயிலாகவோ, குறிப்பினாலோதான் வெளிவரவேண்டும் என்பது சீனருக்கும் நமக்கும் பொதுவாயிருந்த எண்ணம். சியாவ்சிக்குத் தூது வேண்டியதில்லை. அவள் சொல்கிறாள், பதில் கிடைக்காதபோது வருந்துகிறாள், மறுநாள் மீண்டும் பள்ளிக்குப் போகிறாள். சொன்னதால் அவள் கெட்டுப்போனவள் ஆகவில்லை; கிணற்றைத் தேடவுமில்லை. இதைப் பார்க்கும் இளம்பெண் ஒருத்தி, தன் மனத்தில் உள்ளதைச் சொல்வது மானக்கேடன்று என்று தெரிந்துகொண்டால் அது இலாபமே.

வூ போசோங் என்னும் பாத்திரமும் நம் பாராட்டுக்குரியது. மறுக்கப்பட்ட ஆண்மகன் பழிவாங்கப் புறப்படுவதையும், பெண்ணை விடாமல் துரத்துவதையும் வீரமெனக் காட்டும் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, 'இல்லை' என்ற விடையை ஏற்றுக்கொண்டு நண்பனாக நிற்கும் இவ்விளைஞன் நல்ல பாடமாவான். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இவன் பொருட்டாவது இந்நாடகத்தைத் தம் மக்களுக்குக் காட்டலாம்.

நிற்க, இனிக் குறைகளைக் கூறுவோம். மிகப்பெரிய குறை நாயகனின் மௌனம். அவள் பேசுகிறாள், அவன் பேசுவதில்லை. அவள் பின்தொடர்கிறாள், அவன் முன்னே நடக்கிறான். அவன் உள்ளத்திலும் அன்பு உண்டு என்பதை ஒரு பார்வையாலும் ஒரு சிறு உதவியாலும் நாடகம் நமக்குக் குறிப்பாகக் காட்டிக்கொண்டே போகிறது. நாம் அறிந்துகொள்கிறோம், அவள் அறியவேண்டாமா? ஆண் வாய் திறவாவிட்டால் அதை ஆழம் என்கிறார்கள்; அவனுடைய மனத்தைத் தோண்டி எடுக்கும் வேலை பெண்ணின் தலையில் விழுகிறது. இடையில் நேரும் பிரிவுக்கு வெளிக்காரணம் எதுவாயினும், சொல்லவேண்டியதை உரிய காலத்திற் சொல்லாத பழக்கமே அதன் வேர் என்பது நம் எண்ணம். நாடகமோ இதைக் குற்றமென்று கண்டிக்காமல் அழகென்று காட்டுகிறது. ஒருவன் கடுகடுப்பாக இருந்தால் உள்ளே தேன் இருக்கும் என்று நம்பும் பெண், உள்ளே கடுகடுப்பே இருக்கும் வீட்டிலும் போய்ச் சிக்கிக்கொள்ளக்கூடும். திரையிலே நாயகனின் உள்ளத்தை நமக்குக் காட்ட இயக்குநர் இருக்கிறார். வாழ்க்கையில் அவ்வுதவி இல்லை.

அடுத்த குறை, நாயகியின் தொழிலைப் பற்றியது. 1923ஆம் ஆண்டு டிசம்பரில் லூ சுன் என்னும் பேரெழுத்தாளர் பீக்கிங்கில் பெண்களுக்கான உயர் கல்விக்கூடத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். இப்சனின் நாடகத்தில் கணவன் வீட்டை விட்டுத் துணிந்து வெளியேறும் நோரா, வெளியேறிய பின் என்ன ஆவாள் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. கையிற் பொருளில்லாத விடுதலை நெடுநாள் நில்லாது என்பது அவ்வுரையின் சாரம். இரண்டாண்டு கழித்து, 1925இல், அதே கருத்தை ஒரு சிறுகதையாகவும் எழுதினார். காதலுக்காகக் குடும்பத்தை எதிர்த்து வந்த பெண் ஒருத்தி, காதலன் வேலையிழந்து அன்பும் வற்றிப்போனபின் தந்தை வீட்டிற்கே திரும்பி மாண்டுபோகிறாள். காதலிக்க உரிமை கிடைத்தால் மட்டும் போதாது, உண்பதற்கும் வழி வேண்டும் என்பதை இவ்வளவு கடுமையாகச் சொன்னவர் சிலரே.

லூ சுன்னின் அந்தக் கேள்வியைச் சியாவ்சியிடம் கேட்டுப் பார்த்தோம். அவளுக்குத் தொழில் உண்டு; ஆதலால் நோராவைப் போல் வெறுங்கையுடன் தெருவில் நிற்கவேண்டியதில்லை. இது பெரிய முன்னேற்றமே. ஆனால் நாடகம் அவள் தொழிலைக் கண்ணெடுத்துப் பார்ப்பது குறைவு. அவன் மருத்துவனாவது அவனுடைய அறிவின் சிறப்பு என்று காட்டப்படுகிறது; அவள் வரைவதோ அவளுடைய குழந்தைத்தனத்தின் ஒரு பகுதி போல் நிற்கிறது. அவளுடைய சித்திரம் சிறந்ததா, அதிலே அவள் வளர்ந்தாளா என்பதைக் காட்டிலும் அவன் புன்னகைத்தானா என்பதே நமக்கு முக்கியமாகிவிடுகிறது. பேசும் உரிமையைப் பெற்ற பெண், பேசுவதற்குத் தன் காதலைத் தவிர வேறு பொருளும் உடையவளாயிருந்தால் இந்நாடகம் இன்னும் உயர்ந்திருக்கும்.

மூன்றாவது குறையை நாடகக்காரர்கள்மேல் மட்டும் சுமத்த இயலாது. பள்ளிப்பிள்ளைகளின் காதலைச் சீனப் பெற்றோரும் ஆசிரியரும் 'முந்திய காதல்' என்று பெயரிட்டு அஞ்சுவர். பல்கலைக்கழக நுழைவுத்தேர்வே அவ்வச்சத்தின் தாய். 2017ஆம் ஆண்டில் அத்தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 94 இலட்சம் பேர் என்றால் அதன் நெருக்கடியை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2015ஆம் ஆண்டு இறுதியில் வகுக்கப்பட்ட தொலைக்காட்சி நாடக விதிகளும், வயது வராதோரின் காதலைக் காட்டுவதைப் புகைத்தல், குடித்தல், அடிதடி ஆகியவற்றோடு ஒருசேர வைத்து விலக்கின. இத்தகைய காற்றைச் சுவாசித்து வளரும் நாடகங்கள் பள்ளிக் காதலை வெறும் ஒருதலை விருப்பமாகவும் விளையாட்டாகவும் வைத்து நழுவிச் செல்வதில் வியப்பில்லை. இவற்றின் தூய்மையிற் பாதி உள்ளத்தின் தூய்மை. மறுபாதி விதியின் கண்டிப்பு. பிள்ளைகளுக்கு இப்பருவத்தில் உண்மையாக எழும் அச்சம், குழப்பம், குற்றவுணர்வு ஆகியவை பேசப்படாமலே போகின்றன. பேசாப்பொருளாக விடப்பட்டது இல்லாத பொருளாகிவிடாது.

வேறொரு செய்தியும் நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. 2013ஆம் ஆண்டில் சீனத்தில் பதிவான திருமணங்கள் 1 கோடியே 34 இலட்சத்துக்கும் மேல். 2024ஆம் ஆண்டிலோ அவை 61 இலட்சமே. மணப்பருவத்தினர் தொகை குறைந்ததும், வீட்டு விலையும், வேலைச்சுமையும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. திரையில் காதல் இனித்துப் பெருகிய அதே ஆண்டுகளில் வாழ்வில் மணம் சுருங்கி வந்திருக்கிறது. களைத்துப்போன இளைஞர், வாழ்வில் கிட்டாத இனிமையைத் திரையில் ஒரு கரண்டி அருந்திவிட்டு உறங்கப் போகிறார்களோ என்று ஐயுறுகிறோம். அதைத் தவறென்று சொல்ல நமக்கு மனமில்லை. களைத்தவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஆறுதல் தரும். ஆனால் அது சோறாகாது.

முடிவாக நம் தீர்ப்பு இதுவே. இந்நாடகம் காலவிரயம் அன்று. சொந்த விருப்பத்தின்பேரில் வாழ்வதை ஒரு சாதாரணச் செயலாக, அழுகையின்றி, ஆர்ப்பாட்டமின்றிக் காட்டுகிறது. அழுத தலைமுறையை மறந்துவிட்டமையும், ஆணின் மௌனத்தைப் பூசித்தமையும் இதன் பலவீனங்கள்.

அண்டை வீட்டுச் சீனரோடு பல தலைமுறையாக இந்நாட்டில் வாழ்ந்தும், அவர்கள் வீட்டுப் பெண்களின் கதை நம்மிற் பலருக்குத் தெரியாது. ஆகவே முணுமுணுத்துக்கொண்டு குளிக்கப் போகும் தந்தைக்கு நாம் சொல்வது ஒன்றுண்டு. ஐயா, குளித்துவிட்டு வந்து ஒரு நாள் மகளின் அருகில் உட்காருங்கள். மொழி தெரியாவிட்டால் அவளையே பொருள் சொல்லச் சொல்லுங்கள். "இந்தப் பையன் ஏனம்மா பேசவே மாட்டேன் என்கிறான்? இவனுக்காக அவள் ஏன் இத்தனை நாள் காத்திருக்கவேண்டும்?" என்று கேளுங்கள். அவள் சிரிப்பாள், பிறகு சிந்திப்பாள், பிறகு தன் கருத்தைச் சொல்வாள். தந்தையிடம் மனம் திறந்து பேசப் பழகிய பெண், வாய் திறவாதவன் ஒருவனுக்காகத் தன் ஆண்டுகளை எளிதில் செலவிட்டுவிட மாட்டாள்.